எழுத்து முடிந்த பிறகு பிரிந்தால்: விவாகரத்தும் ஸ்பொன்சர் பைலும்

மட்டக்களப்புப் பக்கம் வெளிநாட்டு மாப்பிள்ளைக் கலியாணம் இரண்டு தவணையில் நடக்கும். முதலில் எழுத்து, அதாவது விவாகப் பதிவு. மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் வருவார். விவாகப் பதிவாளர் வருவார், கையெழுத்து, பலகாரம், போட்டோ. மாப்பிள்ளை திரும்பிப் போய் அந்தப் பதிவுத் துண்டை வைத்து ஸ்பொன்சர் பைல், அதாவது மனைவியை அங்கே எடுக்கும் குடிவரவு விண்ணப்பம், போடுவார். தாலி, மண்டபம், சாப்பாடு எல்லாம் விசா வந்த பிறகு, இல்லாவிட்டால் அடுத்த லீவில். ஊர்க்கணக்கில் எழுத்து என்பது நிச்சயதார்த்தத்துக்குக் கொஞ்சம் மேலே, கலியாணத்துக்குக் கொஞ்சம் கீழே.

சட்டத்துக்கு இந்த நடுப்படி தெரியாது. பதிவேட்டில் கையெழுத்து விழுந்த நிமிடத்தில் ஆரையம்பதிப் பிள்ளை கனடாவின் ஸ்காபரோக்காரரின் மனைவி. ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாமல் தொலைபேசி அழைப்புகள் குறைந்து, "சரிவராது" என்று இரண்டு வீடும் பேசி முடித்துவிட்டாலும் அவள் மனைவிதான். "எழுத்து மட்டும்தானே, தாலி கட்டல்லையே" என்று தாய்மார் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சான்றிதழ்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தக் கதைகளின் கடைசிப் பக்கம்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் ஒரே குடும்பத்தின் முதல் பைலையும் ஐந்தாறு வருடம் கழித்து வரும் இரண்டாவது பைலையும் பார்க்கக் கிடைத்தவன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்கும். விவாகரத்து கலியாணத்தைத்தான் முடிக்கிறது, பைலை முடிப்பதில்லை. அடுத்த பைல் போடும்போது அதற்கு முதல் சாட்சியாக வந்து நிற்பது பழைய பைல்தான்.

உள்ளூர் வழக்கில் எழுதப்படும் தேதி

இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ் நடக்கும் திருமணங்களுக்கு 1907-ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. விவாகரத்துக்கு அது தரும் காரணங்கள் மூன்றே மூன்று: திருமணத்துக்குப் பிறகு வேறொருவருடன் தகாத உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. இருவரும் மனமொத்துப் பிரிவது இந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு போய் "எங்களைப் பிரித்துவிடுங்கள் ஐயா" என்று கேட்க முடியாது. யாரோ ஒருவர் குற்றம் செய்திருக்க வேண்டும்.

ஆகவே என்ன நடக்கிறது? பிரிய விரும்பும் சோடி தங்களுக்குள் பேசி, ஒருவர் வழக்காளி, மற்றவர் எதிராளி என்று பிரித்துக்கொள்கிறார்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடப்படும். காரணம் அநேகமாக இரண்டாவது, கைவிட்டுப் போதல். வெளிநாட்டில் இருப்பவர் வரமாட்டார், விசாரணை ஒருதலைப்பட்சமாக முடியும். முதலில் வருவது டிகிரி நைசை எனப்படும் இடைக்காலத் தீர்ப்பு. மூன்று மாதம் கழித்து அதை அப்சொலூட், அதாவது முடிவான தீர்ப்பு, ஆக்க வேண்டும். இந்த மூன்று மாதத்துக்குள் அடுத்த எழுத்தை வைத்துவிட்டால் அந்த எழுத்து செல்லாது. செல்லாத எழுத்தை வைத்துப் போட்ட ஸ்பொன்சர் பைலும் செல்லாது. நைசை கிடைத்ததுமே "டிவோஸ் வந்திட்டு" என்று இனிப்புக் கொடுத்து, அடுத்த மாப்பிள்ளைக்கு நாள் வைக்கும் வீடுகள் உண்டு.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது வழக்காவணத்தின் நாலாவது ஐந்தாவது பந்திக்காகத்தான். "எதிராளி இன்ன ஆண்டு இன்ன மாதம் தொடக்கம் வழக்காளியைக் கைவிட்டுவிட்டார்" என்று ஒரு தேதி அங்கே வரும். வழக்கு வேகமாக முடியட்டும் என்று அந்தத் தேதியை உண்மையைவிட முந்தியதாக எழுதுவது சிலருக்கு வழக்கம். 2021-இல் பிரிந்தவர்கள் "2019 தொடக்கம் எவ்விதத் தொடர்பும் இல்லை" என்று சத்தியக் கடதாசி முடிப்பார்கள். இடையில் 2020-இல் அதே மாப்பிள்ளை குடிவரவு அதிகாரிக்கு வாட்ஸ்அப் உரையாடல்களையும், பாசிக்குடாவில் எடுத்த போட்டோக்களையும், "நாங்கள் தினமும் பேசுகிறோம்" என்ற கடிதத்தையும் அனுப்பியிருப்பார். இரண்டு ஆவணமும் ஒருநாள் ஒரே மேசையில் சந்திக்கும். அதிகாரிக்கு இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று தேடுவது அவர் வேலை இல்லை, நம்பாமல் விடுவது சுலபம்.

தேதியை உள்ளபடி எழுதுங்கள் என்று வழக்குப் போடும்போதே சட்டத்தரணியிடம் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் வந்து "அதைக் கொஞ்சம் மாத்தி எழுதுங்க தம்பி" என்பதில் பயன் இல்லை.

போய் இறங்க முன், போய் இறங்கிய பின்

பிரிவு எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கனடாவை எடுத்துக்கொள்வோம், எங்கள் பக்கத்தில் கேள்வி அதிகம் வருவது அங்கிருந்துதான்.

பைல் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரிந்தால் விண்ணப்பம் அதோடு விழும். மனைவி என்ற உறவு இருக்கும்வரைதான் அந்த விண்ணப்பத்துக்கு உயிர். நிரந்தர வதிவிடம் கிடைக்கும் நாள்வரை ஸ்பொன்சர் பண்ணினவர் கடிதம் எழுதி விலகிக்கொள்ளலாம். ஆபத்தான இடம் இதற்கு அடுத்தது. விசா கடவுச்சீட்டில் வந்துவிட்டது, ஆனால் இடையில் உறவு முறிந்துவிட்டது. "விசா இருக்குத்தானே, போய் இறங்கட்டும், பிறகு பார்ப்பம்" என்று யாராவது ஒரு மாமா சொல்வார். திருமண நிலையில் மாற்றம் இருந்தால் இறங்கும்போதே அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். சொல்லாமல் இறங்கினால் அது உண்மையை மறைத்த குற்றம். பிடிபட்டால் வதிவிடம் போவதோடு ஐந்து வருடம் கனடா வாசலே மிதிக்க முடியாது.

முறையாகப் போய் இறங்கி, பிறகு பிரிந்தால் கதை வேறு. இங்கேதான் ஊரில் ஒரு பழைய பயம் இன்னும் உலாவுகிறது: "இரண்டு வருசம் சேர்ந்து இருக்காட்டி திருப்பி அனுப்பிடுவான்." அது முழுப் பொய்யும் இல்லை. 2012 ஒக்டோபர் 25-இல் கனடா அப்படி ஒரு நிபந்தனையைக் கொண்டுவந்தது. பிள்ளை இல்லாத, உறவு தொடங்கி இரண்டு வருடத்துக்கு உட்பட்ட சோடிகளுக்கு, வதிவிடம் கிடைத்த பின் இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்று. அடி வாங்கிக்கொண்டும் வீட்டை விட்டு வெளியேற முடியாமல் பெண்கள் சிக்கிக்கொள்கிறார்கள் என்ற எதிர்ப்பு எழுந்து, 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். நிபந்தனை போய்விட்டது, மிரட்டல் மட்டும் போகவில்லை. "நான் ஒரு கடிதம் போட்டா உன்ர பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கான்சல்" என்று கணவன் சொல்ல, அதை நம்பி இரவில் அழுதுகொண்டு தாய்க்குப் போன் எடுக்கும் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். உண்மையான கலியாணமாக இருந்து, இறங்கிய பின் பிரிந்தால், விவாகரத்து அந்த வதிவிடத்தைத் தொடாது. கலியாணமே விசாவுக்காகச் செய்த நாடகம் என்று நிரூபித்தால் மட்டும்தான் சிக்கல்.

மறுபக்கம், விலங்கு ஸ்பொன்சர் பண்ணினவரின் காலில். மனைவி வதிவிடம் பெற்ற நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு அவளுடைய அடிப்படைச் செலவுக்கு அவர் அரசாங்கத்துக்குப் பொறுப்புக் கொடுத்திருக்கிறார். இந்தப் பொறுப்பு மனைவிக்குக் கொடுத்த வாக்கு அல்ல, அரசுக்குக் கொடுத்த வாக்கு. அதனால் விவாகரத்து அதை அழிக்காது. பிரிந்துபோன மனைவி இந்த மூன்று வருடத்துக்குள் வெல்பெயர் காசு, அதாவது அரச உதவிப்பணம், எடுத்தால், அந்தக் கணக்கு பழைய கணவனின் வீட்டுக் கதவைத் தட்டும். கட்டி முடிக்கும்வரை அவரால் வேறு யாரையும் ஸ்பொன்சர் பண்ணவும் முடியாது.

மற்ற நாடுகளில் நிலம் இவ்வளவு உறுதியாக இல்லை. லண்டனுக்குத் துணை விசாவில் போனவர் நிரந்தரமாகும்வரை ஐந்து வருடம் அந்த உறவின் மேல்தான் நிற்கிறார். பிரிந்ததைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவித்தால் விசாவைப் பொதுவாக 60 நாளுக்குச் சுருக்குவார்கள். அதற்குள் வேறு விசாவுக்கு மாற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். சுவிஸில் திருமண வாழ்க்கை குறைந்தது மூன்று வருடம் நீடித்து, மொழி, வேலை என்று அந்த நாட்டோடு ஒட்டியிருந்தால், பிரிந்த பின்னும் அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்கலாம். மூன்றுக்கு ஒரு மாதம் குறைந்தாலும் வாதாட வேறு பலமான காரணம் வேண்டும். அமெரிக்காவில், இறங்கும் நாளில் கலியாணத்துக்கு இரண்டு வயது ஆகியிருக்காவிட்டால் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனை வதிவிட அட்டை. அது முடியும் முன் உள்ள 90 நாளில் இருவரும் சேர்ந்து நிபந்தனையை நீக்கக் கேட்க வேண்டும். விவாகரத்து ஆகிவிட்டால் ஒருவர் தனியாகவே விலக்குக் கேட்கலாம். ஆனால் கலியாணம் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டது என்று காட்ட வேண்டும்.

வன்முறை நடந்திருந்தால் இந்தக் கணக்குகள் மாறும். பிரித்தானியா, அமெரிக்கா, சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லாவற்றிலும் அதற்கென்று தனி வழி உண்டு. அமெரிக்காவில் கணவனின் தயவில்லாமல் மனைவி தானே விண்ணப்பிக்கலாம், விவாகரத்துக்குப் பின்னும் இரண்டு வருடத்துக்குள். ஊரிலிருந்து "பொறுத்துக்கொள் மகள், விசா போயிடும்" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்வது நல்லது.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து குடியேறுவார். மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டமான முக்குவர் வழமை 1876-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டாலும் இந்தப் பழக்கம் போகவில்லை. வெளிநாட்டுக் கலியாணம் வந்ததும் எல்லாம் தலைகீழ். பெண் பறக்கிறாள், வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது மாப்பிள்ளைக்குக் காசாக மாறிவிடுகிறது. வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருந்தால் பிரிந்த பின்னும் அவளுக்கு ஒரு கூரை மிஞ்சும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சொத்துக் கணக்கு எடுக்கும்போது ஊர் வீட்டையும் காட்ட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அடுத்த பைல்

சரி, பிரிந்தாயிற்று. இனி இருவரும் மறுபடி கலியாணம் செய்து ஒருவரை எடுக்க விரும்புகிறார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு பெண் 2022 ஜூன் 10-இல் டொரொன்டோவில் இறங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். 2024-இல் விவாகரத்து. அவளுடைய பழைய கணவனின் மூன்று வருடப் பொறுப்பு 2025 ஜூன் 10 வரை. அதுவரை அவர் இன்னொரு மனைவியை ஸ்பொன்சர் பண்ண முடியாது. அவளுக்கோ இன்னும் நீளம். துணையாக ஸ்பொன்சர் பண்ணப்பட்டு வந்தவர், தான் வதிவிடம் பெற்று ஐந்து வருடம் ஆகாமல் ஒரு துணையை ஸ்பொன்சர் பண்ணக்கூடாது என்று 2012 மார்ச் முதல் விதி இருக்கிறது. ஆகவே 2027 ஜூன் 10. இடையில் குடியுரிமை எடுத்தாலும் ஐந்து வருடம் ஐந்து வருடம்தான். இந்த ஒன்றில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "சிட்டிசன் ஆகினா பிரச்சினை இல்லை" என்ற பேச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கலியாணத்தால் பச்சை அட்டை (நிரந்தர வதிவிட அட்டை) பெற்றவர், அட்டையோடு மட்டும் இருக்கும்போது புதுத் துணைக்குப் போடும் பைலுக்கு ஐந்து வருடத் தடை உண்டு. பழைய கலியாணம் பொய்யில்லை என்று வலுவான சான்று காட்டினாலோ, அது மரணத்தால் முடிந்திருந்தாலோ தடை இல்லை. குடியுரிமை பெற்றுவிட்டால் அந்தத் தடை பொருந்தாது. கனடாவில் பொருந்தும். அவுஸ்திரேலியாவில் ஸ்பொன்சர் பண்ணப்பட்டு வந்தவருக்கும் ஐந்து வருடம், ஸ்பொன்சர் பண்ணினவருக்கும் இரண்டு தடவைக்கு இடையே ஐந்து வருடம், அதோடு வாழ்நாளில் பொதுவாக இரண்டு தடவைதான்.

அமெரிக்காவில் ஸ்பொன்சர் பண்ணினவரின் பொறுப்புக்கு வருடக் கணக்கே இல்லை. அவர் கையெழுத்திட்ட ஆதரவுப் பத்திரம், அந்தப் பெண் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக்கணக்குச் சேரும்வரை, அல்லது நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை தொடரும். 40 காலாண்டு என்றால் சுமார் பத்து வருட உழைப்பு. இரண்டாவது மனைவிக்குப் பைல் போடும்போது வருமானக் கணக்கில் முதல் மனைவியையும் ஒரு தலையாக எண்ண வேண்டும்.

ஸ்பொன்சரில் போகாமலேயே, இங்கே எழுத்தோடு பிரிந்த பெண்ணுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. கனடாவிலேயே வேறொருவர் அவளை அடுத்த நாளே ஸ்பொன்சர் பண்ணலாம், அப்சொலூட் கையில் இருந்தால். அப்படியிருந்தும் தடுமாறுவது அவர்கள்தான் அதிகம், ஏனென்றால் மறைக்கிறார்கள். ஒரு தாய் படிவத்தோடு வந்தார். "முன்னர் திருமணமானவரா" என்ற கேள்விக்கும், "முன்னர் விண்ணப்பித்தீர்களா" என்ற கேள்விக்கும் இல்லை என்று போட வேண்டுமாம். "புது மாப்பிள்ளை வீட்டுக்கு எழுத்து விசயம் தெரியாது தம்பி, ஒரு வருசமும் ஆகல்ல, யாருக்குத் தெரியப்போகுது?" அந்தப் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் முதல் பைலிலேயே அங்கே கிடக்கிறது. ஓம் என்று எழுதினால் அது வெறும் தகவல். இல்லை என்று எழுதினால் ஐந்து வருடத் தடை. அவருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் ஆனது. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொன்னார்களோ தெரியாது, படிவத்தில் ஓம் என்றுதான் போனது.

இன்னொரு வகை தந்திரமாகவே வரும். இங்கே இருக்கும் புருசனும் பெண்சாதியும் பெயரளவில் மட்டும் விவாகரத்து எடுப்பார்கள். அவள் வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கட்டிப் போவாள், அவரை விட்டுவிட்டுப் பழைய கணவனை மறுபடி கட்டி எடுப்பாள். திட்டம் கேட்க மிகவும் புத்திசாலித்தனமாக இருக்கும். கனேடிய விதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: குடிவரவு வசதிக்காக முறித்த உறவைப் பிறகு மறுபடி தொடங்கினால், அந்தத் துணையைத் துணையாகவே கணக்கெடுக்க மாட்டார்கள். அமெரிக்காவில் விசாவுக்காகப் பொய்க் கலியாணம் செய்ததாக ஒருமுறை முடிவானால், பின்னர் உண்மையாகவே ஒருவரைக் கட்டினாலும், சொந்தப் பிள்ளையே பெற்றோருக்காகப் பைல் போட்டாலும், அந்தப் பைல் ஏறாது. ஆயுள் தடை.

எங்கே விவாகரத்து எடுப்பது என்பதும் கேள்வி. கனடாவின் விவாகரத்துச் சட்டப்படி, வழக்குப் போடும் முன் இருவரில் ஒருவர் குறைந்தது ஒரு வருடம் வழமையாக வாழ்ந்த நாட்டின் தீர்ப்பை அவர்கள் ஏற்பார்கள். மனைவி இங்கேயே இருந்தால் மட்டக்களப்புத் தீர்ப்பு அங்கே செல்லும். ஒன்டாரியோவில் எடுத்த தீர்ப்பை வைத்து இங்கே அடுத்த எழுத்து வைக்கிறவர்கள், முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுப் பதிவாளரிடம் போகட்டும்.

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நடக்கும், அது 1951-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டம். தலாக் வாயால் சொன்னதோடு வெளிநாட்டுப் பைலுக்குப் போதாது, காதி நீதிமன்றத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். ஜூமில் நடந்த நிக்காஹ்வைக் கனடா 2015 ஜூன் முதல் ஏற்பதில்லை. இருவரும் நேரில் இருந்திருக்க வேண்டும்.

பிள்ளை இருந்தால் மேலும் இரண்டு விசயம். முதலாவது, கூட வராவிட்டாலும் பிள்ளையின் பெயரைப் படிவத்தில் போட்டு மருத்துவப் பரிசோதனைக்கும் காட்ட வேண்டும். "அவன் அப்பாவோடதானே இருக்கான்" என்று விட்டுவிட்டால், பின்னால் அதே பிள்ளையைக் குடும்ப வகுப்பில் எடுப்பதில் பெரிய சிக்கல் வரும். இரண்டாவது, பிள்ளையை எடுக்கும் நாள் வந்தால் மற்றப் பெற்றாரின் எழுத்து மூலச் சம்மதமோ பராமரிப்புக் கட்டளையோ இல்லாமல் காரியம் நகராது. பிரியும்போது இருக்கும் கோபத்தில் அதை விட்டுவிட்டு, நாலு வருடம் கழித்துப் பழைய கணவனைத் தேடி வாழைச்சேனைக்கும் திருக்கோவிலுக்கும் அலைந்தவர்களைத் தெரியும். பராமரிப்புக் கட்டளையை விவாகரத்து வழக்கிலேயே கேட்டு எடுக்கலாம். பிள்ளைக்குத் தாபரிப்புக் கட்டும்படி நீதிமன்றம் சொல்லி, கட்டாமல் விட்ட தகப்பனால் கனடாவிலிருந்து புது மனைவியை ஸ்பொன்சர் பண்ண முடியாது. நிலுவையைத் தீர்த்த பிறகுதான் முடியும்.